பிரதேச சபைத் துண்டு கையில் வந்தால்: கட்டுவதா, வழக்காடுவதா?

கடைக்காரருக்கு ஒரு கடிதம் வருகிறது. மாட்டுக்காரருக்குப் பட்டியில் இரண்டு உருப்படி குறைகிறது, சபை ஆட்கள் பிடித்துக்கொண்டு போனதாக அயலில் சொல்கிறார்கள். வீடு கட்டுகிறவருக்கு வேலையை நிறுத்தச் சொல்லி ஓர் அறிவித்தல் வருகிறது. இலங்கையின் வடக்கே வன்னியில் சாதாரண சனம் உள்ளூராட்சிச் சட்டத்தோடு முட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். உடனே எல்லோரும் கேட்பது, "எவ்வளவு கட்டவேணும்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். இந்தத் துண்டைத் தந்தது யார், எந்தச் சட்டத்தின் கீழ் தந்தார்கள்? பணத்தை எங்கே கட்டுவது, கட்டத்தான் வேண்டுமா, மறுப்பதென்றால் யாரிடம் மறுப்பது என்பதெல்லாம் அந்த ஒரு விபரத்தில்தான் தங்கியிருக்கிறது.

கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் தலைக்கவசம் இல்லாமல் போனவருக்குப் பொலிஸ் எழுதுகிற துண்டுக்கும் பிரதேச சபைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருவது. 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டிச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மீட்கலாம். தவறினால் அடுத்த 14 நாட்களுக்கு இரண்டு மடங்கு, அதற்கும் தவறினால் நீதிமன்றம். 2025இல் தொடங்கிய கவ்பே (GovPay) என்ற அரசின் இணையக் கொடுப்பனவு முறை வழியாக இப்போது கைத்தொலைபேசியிலும் கட்டும் வசதி வந்திருக்கிறது. தவறு செய்யவில்லை என்று நினைப்பவர் கட்டாமல் நீதிமன்றத்தில் தன் பக்கத்தைச் சொல்லலாம். இதே முறைதான் சபைத் துண்டுக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஏ9 ஓரத்தில் கடையின் தகரத்தை வீதிப் பக்கம் நீட்டியதற்காக ஒரு கடிதம் வந்தால், அதைச் சபைதான் அனுப்பியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அவர்கள் 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டத்தைக் கொண்டு வருவார்கள். சாப்பாட்டுக் கடைக்குள் வந்து ஈ மொய்த்த வடைத் தட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்றால், அவர் கையில் இருப்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமாக இருக்கலாம். வளவுக்குள் தண்ணீர் தேங்கிய ரயருக்கு 2007இல் வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சனத்தின் கண்ணுக்கு இவை எல்லாமே "கவுண்மேந்துத் துண்டு". ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு. ஒரு வாசலில் போய் மற்றதற்கு நியாயம் கேட்டு நாட்களை வீணாக்குகிறவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை, ஏனென்றால் துண்டின் தலைப்பை யாராவது ஒருதரம் வாசித்துச் சொல்லியிருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது.

சரி, துண்டு சபையுடையதுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எந்தச் சபை என்று பார்க்க வேண்டும். வவுனியா நகரம் இப்போது மாநகர சபை, 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் நடக்கிறது. மன்னார் நகரம் நகரசபை, அதற்கு 1939ஆம் ஆண்டின் நகரசபைகள் கட்டளைச் சட்டம். கிளிநொச்சி எவ்வளவு பெரிய பட்டணமாக வளர்ந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கரைச்சிப் பிரதேச சபையின் ஒரு பகுதிதான். முல்லைத்தீவு மாவட்டத்தில் நகரசபையே கிடையாது. கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என நான்கும் பிரதேச சபைகள். நெடுங்கேணிக்காரருக்கு வவுனியா வடக்கு, செட்டிகுளத்துக்காரருக்கு வெங்கலச்செட்டிகுளம். இந்தப் பிரதேச சபைகள் அனைத்துக்கும் அடிப்படை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம்.

அந்தச் சட்டம் சபைக்கு உபவிதி, அதாவது தன் எல்லைக்குள் செல்லும் விதி, ஆக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. சந்தை, கசாப்புக்கடை, உணவகம், சிகை அலங்கார நிலையம், குப்பை, வடிகால், விளம்பரப் பலகை, வாகனத் தரிப்பிடம், கட்டாக்காலி மாடு என்று அந்தப் பட்டியல் நீளும். ஆனால் சபை கூடிக் கையுயர்த்தித் தீர்மானம் எடுத்த மறுநாளே அது சட்டமாகிவிடாது. மாகாணத்தில் உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும், பிறகு வர்த்தமானியில் வெளிவர வேண்டும். வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை, அதனால் இந்த வேலைகளும் ஆளுநரின் மேசைக்குப் போயின. சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்தன. 2025 மே 6இல் நடந்த தேர்தல்வரை, மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் இல்லாமல் செயலாளர்களே அவற்றை நடத்தினார்கள். இத்தனை இடைவெளிகளுக்குள் எந்த உபவிதி முறைப்படி வர்த்தமானிக்குப் போனது, எது வெறும் தீர்மானமாக நின்றது என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும். "மீறுபவர்களிடம் இவ்வளவு ரூபா தண்டம் அறவிடப்படும்" என்று சந்திக்குச் சந்தி பலகை நிற்கலாம். பலகை சட்டமாகாது. அதன் பின்னால் எந்த வர்த்தமானி இருக்கிறது என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு.

அடுத்தது பலருக்கும் தெரியாத விஷயம். உபவிதியை மீறியதற்காக ஒருவருக்குத் தண்டம் விதிக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. அது நீதவானின் அதிகாரம். சபை செய்யக்கூடியது எச்சரிப்பது, அறிவித்தல் கொடுப்பது, காலக்கெடு வைப்பது, கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்வது. தண்டத்தின் ஆகக்கூடிய தொகை எவ்வளவு, குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு மேலதிகமாக எவ்வளவு என்பதைச் சட்டமே வரையறுத்து வைத்திருக்கும். அந்த வரம்புக்குள் எவ்வளவு என்று முடிவெடுப்பவர் நீதவான். ஆகவே கடை வாசலில் நின்றுகொண்டு, "இப்ப அஞ்சாயிரத்தைத் தாருங்கோ, வழக்குக்குப் போகாமல் முடிப்பம்" என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த அடையாள அட்டையைத் தொங்கவிட்டிருந்தாலும் அது தண்டம் அல்ல. அந்தப் பேச்சு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்குப் போக வேண்டியது.

சபை நேரடியாக வாங்கக்கூடிய பணமும் இருக்கிறது. அது கட்டணமும் வரியும். வியாபார உரிமத்துக்கான கட்டணம், சந்தைக் கூலி, தரிப்பிடக் கட்டணம், வீடு வளவுக்கான ஆதன வரி, வரி கட்டத் தவறினால் சேரும் அறவீட்டுச் செலவு, பிடித்த மாட்டுக்கான பிடிகூலியும் தீனிச் செலவும். இவற்றைக் காசாளர் கருமபீடத்தில் கட்டி, இலக்கம் இட்ட பற்றுச்சீட்டை வாங்க வேண்டும். சந்தையையும் தரிப்பிடத்தையும் சபை குத்தகைக்குக் கொடுத்திருந்தால் பணம் வாங்குபவர் குத்தகைக்காரரின் ஆளாக இருப்பார். அப்போதும் சபை தீர்மானித்த கட்டணத்துக்கு மேல் ஒரு சதமும் அவர் கேட்க முடியாது. அவர் தரும் துண்டில் தொகை அச்சிடப்படாமல் பேனையால் எழுதப்பட்டிருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு செயலாளரிடம் காட்டுங்கள்.

வியாபார உரிமத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரதேச சபைகள் சட்டம் உரிமக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதி (வருட வாடகையாக மதிப்பிட்ட தொகை) 750 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் 500, 1,500 ரூபாவரை 750, அதற்கு மேல் 1,000. உரிமம் தேவைப்படாத தொழில்களுக்கு விதிக்கும் வியாபார வரியின் உச்சப்படி 3,000 ரூபா. 1987ஆம் ஆண்டின் காசுப் பெறுமதியில் வைத்த தொகைகள் இவை. வருடா வருடம் சபை இவற்றை வர்த்தமானியில் அறிவிக்கும், நடப்பு வருடத்துக்குரியதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாங்குளத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் உரிமம் என்று பத்தாயிரம் கேட்டால், அதற்குள் வேறு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பிரித்து எழுதித் தரும்படி அவர் கேட்கலாம். குப்பை அகற்றும் கட்டணம் இருக்கலாம், பழைய நிலுவை இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

ஆதன வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு, காலாண்டுக்கு ஒருமுறை அதன் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். மதிப்பீடு கூடிவிட்டது என்று நினைத்தால் மதிப்பீட்டு அறிவித்தலில் குறித்திருக்கும் திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்க வேண்டும். அந்தத் திகதி போனபின் கருமபீடத்தில் எவ்வளவு சத்தம் போட்டாலும் பலனில்லை.

இனி மறுப்பது எப்படி என்று பார்ப்போம். அறிவித்தல் வந்ததற்கும் வழக்குத் தாக்கலாவதற்கும் இடையில் ஒரு காலம் இருக்கிறது. பேசித் தீர்க்கக்கூடிய காலம் அது. நம்மில் பலர் அதைத்தான் பயத்தில் ஒளித்து வைத்தே கழித்துவிடுகிறோம். கடிதத்தில் சொன்ன குறை உண்மையானால் அதைத் திருத்திவிட்டு, திருத்தியதைப் படம் எடுத்து, செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வடிகாலை மூடிப் போட்ட கொங்கிறீட்டை எடுத்தாயிற்று, கழிவுநீர்க் குழி வெட்டியாயிற்று என்று காட்டினால் வழக்குக்குப் போகாமலே நின்றுவிடும் சந்தர்ப்பம் நிறைய. குறை உண்மையில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்: காணி என்னுடையது, இதோ காணி உறுதிப்பத்திரம், கட்டட அனுமதி இருக்கிறது, இதோ பிரதி. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துப் பிரதியில் சபையின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். வாயால் சொன்னது கோவையில் ஏறாது. வட்டார உறுப்பினர் தெரிந்தவர் என்றால் அவரிடமும் சொல்லலாம், ஆனால் அவர் வாக்குறுதியை நம்பிக் கடிதத்தைக் கைவிடக் கூடாது. சபை பதில் தராவிட்டால் மாவட்டத்தில் உதவி உள்ளூராட்சி ஆணையாளர் இருக்கிறார்.

உபவிதியின் பிரதியோ, வர்த்தமானித் திகதியோ, உங்கள் கடைக்கு எதிராக வந்த முறைப்பாட்டின் மீது எடுத்த தீர்மானமோ தேவை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்தச் சட்டத்தைப் பத்திரிகைக்காரருக்கும் சங்கங்களுக்கும் உரியதாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு கோழிக்கடைக்காரருக்கும் அது அவ்வளவு பயன்படும்.

அழைப்பாணை வந்துவிட்டால் களம் மாறிவிடுகிறது. செயலாளரோடு பேசலாம், ஆனால் தவணைக்கு நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் பிடியாணை. சிறிய குப்பை வழக்கில் தொடங்கிப் பிடியாணையில் போய் நிற்பது தேவையில்லாத துன்பம். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார்கள். வன்னியில் தூர இடங்களில் இருந்து வருபவர்களுக்கு இந்த இடத்தில்தான் பெரிய சோதனை. ஒருநாள் கூலி போயிருக்கும், பஸ் திரும்பிப் போகும் நேரம் மனதில் ஓடும். ஒத்துக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். உண்மையில் தவறு செய்திருந்தால் ஒத்துக்கொள்வதில் குறையில்லை. நீதவானும் பெரும்பாலும் அதைக் கணக்கில் எடுப்பார், இனிச் செய்யக்கூடாது என்று எச்சரித்து விடுவதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் தவறே செய்யாதவர் பஸ்ஸுக்காக ஒத்துக்கொண்டால் பின்னால் மேன்முறையீட்டு வாசல் பெரும்பாலும் அடைபட்டுவிடும். சாட்சிகளோடு வழக்கு விளங்கப்பட்ட பிறகு குற்றவாளியாகக் காணப்பட்டவருக்குத்தான் 14 நாட்களுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும் வழி முழுதாகத் திறந்திருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை அணுகலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆஜராவார்கள். தவணைக்கு முதல்நாள் அல்ல, அழைப்பாணை கிடைத்த கிழமையே போக வேண்டும்.

தண்டம் விதித்தால் நீதிமன்றத்திலேயே கட்ட வேண்டும், சபையில் அல்ல. கையில் காசு இல்லையென்றால் கட்டுவதற்குத் தவணை கேட்கலாம். கேட்காமல் வெளியே வந்தால் கட்டாத தண்டத்துக்குப் பதிலாகச் சிறை என்ற நிலை வரும்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். வடக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தமும் 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தமும் அரசியலமைப்பில் எழுதி வைத்த உரிமை இது. வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு படிவத்தை நீட்டிக் கையொப்பம் கேட்டால், தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள். தமிழிலேயே இருந்தாலும், அறிவித்தலைப் பெற்றதற்கான கையொப்பமா, குற்றத்தை ஏற்றுக்கொள்ளும் கையொப்பமா என்று வாசித்துவிட்டு, "கிடைத்தது" என்று எழுதித் திகதியிட்டுக் கையெழுத்து வைப்பது நல்லது.

இவ்வளவும் கடைக்கும் வீட்டுக்கும். மாட்டுக்கு வருவோம், ஏனென்றால் வன்னியில் சபைக்கும் சனத்துக்கும் இடையில் அதிகம் வாய்த்தர்க்கம் வருவது அதில்தான். இரவில் ஏ9இலும் பரந்தன்-முல்லைத்தீவு வீதியிலும் தார் சூட்டுக்குப் படுத்துக்கிடக்கும் மாடுகளில் மோதி உயிர் போயிருக்கிறது, மாடும் செத்திருக்கிறது. சபை பிடிப்பதைப் பிழை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீதியில் நின்ற மாட்டைச் சபை பிடிப்பது ஒன்று. வயலுக்குள் இறங்கிப் பயிர் மேய்ந்த மாடு வேறு. இரண்டாவதற்கு 1876ஆம் ஆண்டிலிருந்தே கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அத்தோடு ஒவ்வொரு போகத்துக்கும் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் தீர்மானங்களும் இருக்கின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், கட்டுக்கரை என்று குளத்துக்குக் குளம் கூட்டம் வைத்து, எந்தத் திகதிக்குள் மாடுகளை வயல்வெளியில் இருந்து அகற்ற வேண்டும் என்று முடிவெடுப்பார்கள். அந்தத் திகதி மாட்டுக்காரரையும் கட்டுப்படுத்தும். பயிர் அழிந்த கணக்கில் விதானையாரும் (கிராம அலுவலர்) கமக்காரர் அமைப்பும் தலையிடுவார்கள், பேசித் தீர்த்துவைக்கும் இணக்க சபையிலும் பல பிணக்குகள் தீர்கின்றன. இதில் சபைக்குப் பெரிய பங்கு இல்லை. அழிவுக்கான நட்டஈட்டைச் சபையில் கேட்பதும், வீதியில் பிடிபட்ட மாட்டுக்குக் கமக்காரர் அமைப்பிடம் முறையிடுவதும் வீண் வேலை.

சபை பிடித்த மாடு என்றால் முதலில் வேகம் வேண்டும். நாளுக்கு நாள் தீனிச் செலவு ஏறும். குறித்த காலத்துக்குள் உரிமையாளர் வராவிட்டால் ஏலத்தில் விற்பார்கள். உரிமையை நிரூபிக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழான பதிவுச் சீட்டு, காதுப் பட்டியின் இலக்கம், சுட்ட குறி, விதானையாரின் கடிதம் ஆகியவற்றோடு போங்கள். வன்னியில் பலர் பட்டியில் ஐம்பது அறுபது மாடு வைத்திருப்பார்கள், சீட்டோ பத்துக்கும் இருக்காது. பிடிபட்டபின் அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு ஓடுவதைவிட மழை தொடங்கமுன் கன்றுகளுக்கும் சேர்த்துப் பதிவை முடித்து வைப்பது எவ்வளவோ மேல். மாடு வீதியில் நிற்கவில்லை, என் வளவில் இருந்து அவிழ்த்தார்கள் என்பது உங்கள் வாதமானால், சண்டை பிடித்துக்கொண்டு மாட்டைச் சபைப் பட்டியில் விட்டுவிட வேண்டாம். ஆட்சேபனையுடன் கட்டுகிறேன் என்று கடிதம் கொடுத்து, பணத்தைக் கட்டி மாட்டை மீட்டுவிட்டு, பற்றுச்சீட்டோடும் சாட்சிகளோடும் பிறகு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

மாட்டுக்காரரின் பக்கத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. மாரி மழையோடு வரும் காலபோக நெற்செய்கை தொடங்கினால் மாட்டை வயலில் இருந்து எடுக்கச் சொல்கிறோம். எங்கே கொண்டுபோவது? முன்பு காட்டோரமும் குளத்தின் மேற்பரப்பும் மேய்ச்சல் தரையாக இருந்தன. போருக்குப் பிறகு திரும்பி வந்தபோது அவற்றில் பெரும்பங்கு வனத் திணைக்களத்தின் எல்லைக் கல்லுக்குள்ளும் வனவிலங்குத் திணைக்களத்தின் எல்லைக்குள்ளும் போயிருந்தது. சில இடங்களில் நெல் வயலாகவே மாறிவிட்டது. வயலும் வேண்டாம், காடும் வேண்டாம் என்றால் மிஞ்சுவது வீதிதான். மேய்ச்சல் தரையை அளந்து ஒதுக்குவது பிரதேச செயலகமும் மாவட்டச் செயலகமும் வனத் திணைக்களமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை, பிரதேச சபையால் தனியாக முடியாது. ஆனாலும் மாட்டுக்காரரின் கையில் துண்டைக் கொடுப்பது சபைதான். அதனால் அந்தக் கோரிக்கையைச் சபையின் தவிசாளரே மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

அப்புறம், இந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் அறிந்து வைத்திருங்கள். பிடிகூலியும் உரிமக் கட்டணமும் நேராகச் சபை நிதிக்குப் போகும். நீதிமன்றத்தில் கட்டிய தண்டமும், முத்திரை வரியைப் போலவே, மாகாண நிர்வாகத்தின் ஊடாகக் குற்றம் நடந்த பகுதியின் சபைக்குத் திரும்பி வரும் வருமானம். வருட இறுதியில் அடுத்த ஆண்டின் பாதீட்டை நிறைவேற்றமுன் அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்குச் சபை அலுவலகத்தில் வைக்க வேண்டும். கட்டாக்காலி மாட்டில் எவ்வளவு வருமானம் எதிர்பார்க்கிறார்கள், மாடு அடைக்கும் பட்டிக்கும் அதற்குத் தண்ணீர்த் தொட்டிக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், சந்தையில் இருந்து வந்த பணத்தில் சந்தைக்கு எவ்வளவு போகிறது என்பதெல்லாம் அந்த வரைவில் தலைப்புத் தலைப்பாக இருக்கும். வரியிறுப்பாளர் எவரும் போய்ப் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம், தன் வட்டார உறுப்பினரிடம் கூட்டத்துக்கு முன்பே கேள்வியாக எழுதிக் கொடுக்கலாம்.